உபயம் எழுத இடமில்லாத செலவுகள்

எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் பெரிய ஹாலில் 16 மின்விசிறிகள். அதில் 11 விசிறிகளின் இறக்கையில் ‘உபயம்’ என்று போட்டுப் பெயர் எழுதியிருக்கும். ஓடும்போது படிக்க முடியாது. கரண்ட் போனால்தான் யார் தந்தது என்று தெரியும். அந்த விசிறிகள் ஓடுவதற்கான கரண்ட் பில்லுக்கு உபயதாரர் தேடித்தான் மூன்று வருடமாக அலைகிறேன்.

அரசு உதவி பெறும் நிறுவனம் என்றால் எல்லாச் செலவும் அரசுடையது என்று ஊரில் நினைக்கிறார்கள். அனுமதித்த பணியிடத்துக்குச் சம்பளம் வரும், அவ்வளவுதான். அங்கிருப்பவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்ப எங்களுக்கு அனுமதி வருவதில்லை. சேர்க்கை குறைந்துவிட்டதாம். குறையாமல் என்ன செய்யும்? முன்பெல்லாம் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் பதிவு மூப்பில் என்றாவது வேலை வரும். 2012இல் தமிழ்நாட்டில் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் முறையாக நடந்தது, ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை. பிறகு டெட்டில் தேறியவர்களுக்கும் மேலே ஒரு போட்டித் தேர்வு என்றார்கள். பக்கத்து ஊர் தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று இப்போது கல்யாண மண்டபம். 2023இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்பு ஆசிரியர் வேலைக்கு பி.எட். தகுதியாகாது என்றதும், எங்கள் பட்டயப் பயிற்சிக்குக் கூட்டம் வரும் என்று எனக்கு நப்பாசை. அடுத்த சேர்க்கையில் நான்கு பேர்தான் கூடுதலாகச் சேர்ந்தார்கள்.

சரி, கம்பெனிகளிடம் போகலாம் என்று நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்க சிஎஸ்ஆர்-1 என்ற பதிவுகளுக்கு ஆடிட்டரிடம் நடையாய் நடந்தேன். ஒரு கம்பெனி அதிகாரி வந்து பார்த்துவிட்டு ஸ்மார்ட் போர்டு தருவதாகச் சொன்னார்.

“உளவியல் நடத்த ஆள் இல்லை சார். ஒரு வருடச் சம்பளம் தர முடியுமா?”

“சம்பளத்தை எப்படி மேடம் போட்டோ எடுக்கிறது?”

கேலி இல்லை, ரிப்போர்ட்டில் வைக்க அவருக்குப் போட்டோ வேண்டும். போர்டு வந்தது. பில்லும் ஏறியது.

பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் நிறுவனத்தின் பெருமைகளை அடுக்கி இரண்டு பக்கக் கடிதம் போட்டேன். கைகூப்பும் படம் 22 வந்தது, பணம் வரவில்லை. அப்புறம் கரண்ட் பில்லையே போட்டோ எடுத்துப் போட்டேன், 18,640 ரூபாய். “இதை முதலிலேயே போட்டிருக்கக் கூடாதா டீச்சர்?” என்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஜிபேயில் 500 அனுப்பினார். இன்று மாதம் 500 தருபவர்கள் 43 பேர். உளவியல் ஆசிரியைக்கு 12,000, வாட்ச்மேனுக்கு 8,000, மீதி கரண்டுக்கு. ஆசிரியர்களை உருவாக்குபவருக்கு 12,000 என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் 1974இல் படித்த ஓர் அம்மா வந்தார். கணவர் நினைவாக விசிறி தர வேண்டுமாம். கழிப்பறை சுத்தம் செய்பவருக்கு ஆறு மாதச் சம்பளம் தாருங்களேன் என்று கேட்டேன்.

“பேரை எங்கேம்மா எழுதுவீங்க?”

“ரசீதில் எழுதுவோம்மா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு விசிறி வாங்கி மாட்டச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஹாலில் 17.