ஷெல்பி ஹெடர் என்று சொல்லி வாங்கிய மஸ்டாங்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய், வயதான அம்மா ஒருவரின் கொட்டகையிலிருந்து 1966 ஃபோர்ட் மஸ்டாங் கார் ஒன்றை வாங்கினேன். "என் வீட்டுக்காரர் இதில் ஷெல்பி ஹெடர் போட்டிருக்கிறார், அதற்கே தனி விலை உண்டு" என்றார் அந்த அம்மா. ஹெடர் என்றால் இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி; ஷெல்பி, மஸ்டாங்கைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றி விற்ற நிறுவனம். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. நான் பேரம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டார்ட் செய்தால், டிரைவர் பக்கம் இன்ஜின் சூடேறும் வரை டிக் டிக் என்று சத்தம். ஹெடருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்டில் புகைக் கசிவு. புது கேஸ்கட் வாங்குவதற்கு முன்னால் அது என்ன ஹெடர், யார் செய்தது என்று பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு வார வேலை என்று நினைத்தது மூன்று மாதம் பிடித்தது.

முதலில் கதவுத் தகட்டில் ஆலை அடித்த வண்டி நம்பர். 6 ஆர் 07 சி என்று தொடங்குகிறது. 6 என்றால் 1966; ஆர் என்றால் சான் ஹோசே ஆலை; 07 சாதாரண ஹார்ட்டாப்; சி என்றால் 289 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், இரட்டைக் குழல் கார்புரேட்டர், 200 குதிரைத்திறன். அந்த ஆலை உண்மையில் பக்கத்து ஊரான மில்பிடாஸில் இருந்தது. 1983இல் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது கிரேட் மால், நான் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போகிற இடம். என் வண்டி அங்கே பிறந்தது என்று தெரிந்த அன்று கொஞ்ச நேரம் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுத் தகட்டில் கியர் குறியீடு 6, அதாவது ஆட்டோமேட்டிக். ஆனால் வண்டியில் இப்போது இருப்பது நாலு கியர் மேனுவல். யாரோ மாற்றியிருக்கிறார்கள். இந்த விவரம் பின்னால் உதவியது.

அடுத்து வண்டிக்கு அடியில் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும். அந்தக் கால ஹெடர்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கத்து நான்கு குழாயும் நேராக ஒரே இடத்தில் போய்ச் சேரும். என் வண்டியில் நான்கு இரண்டாகி, அந்த இரண்டு அப்புறம் ஒன்றாகிறது. இதை டிரை-வை என்பார்கள். 1965 ஷெல்பி ஜிடி350இல் இருந்ததும் இந்த வகைதான், சைக்ளோன் நிறுவனம் செய்தது. ஹெடர், காற்று உள்ளே போகும் இன்டேக், கார்புரேட்டர் என்று மாற்றி அந்த வண்டியின் 271 குதிரைத்திறனை 306 ஆக்கினார்கள். அந்த அம்மா சொன்னது சும்மா இல்லை என்று அப்போது தோன்றியது.

ஆனால் பாணி ஒன்றாக இருந்தால் போதாது, எந்தக் குழாய் எதோடு சேருகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 289இல் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-5-4-2-6-3-7-8. பயணி பக்கம் 1 முதல் 4, டிரைவர் பக்கம் 5 முதல் 8. ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையே கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) 90 டிகிரி சுற்றும். டிரைவர் பக்கம் 7ம் 8ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன. அந்த இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தால் ஒன்றின் புகை இன்னொன்றை முட்டும். அதனால் விவரம் தெரிந்தவர் 5ஐ 7ஓடும், 6ஐ 8ஓடும் சேர்ப்பார். பயணி பக்கம் 2ம் 4ம் அப்படிப்பட்ட ஜோடி என்பதால் அங்கே 1-2, 3-4 என்று பக்கத்துக் குழாய்களே சேரலாம். ஆக, சரியாகச் செய்த ஹெடர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. என்னுடையது அப்படித்தான் இருந்தது. செய்தவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

கழற்றுவதுதான் பெரும்பாடு. மஸ்டாங்கில் இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் கோபுரம் இன்ஜினை நெருக்கிக்கொண்டு நிற்கும், கை நுழையாது. போல்ட்களுக்கு மூன்று நாள் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, இன்ஜின் மவுண்ட்டைத் தளர்த்தி, ஜாக்கியால் இன்ஜினை ஒரு பக்கம் தூக்கித்தான் வெளியே எடுத்தேன். ஒரு போல்ட்கூட உடையவில்லை. அவசரப்படாதீர்கள் என்பதைத் தவிர சொல்ல எதுவும் இல்லை.

மேசையில் வைத்துத் துடைத்ததும் பெயரோ எண்ணோ தேடினேன். எங்கேயும் இல்லை. ஆனால் இன்ஜினோடு ஒட்டும் தடித்த தகட்டின் ஓரம் ஒரு முகத்தில் லேசாக உருண்டு, மறுமுகத்தில் கூராக இருந்தது. அச்சில் வைத்து அடித்து வெட்டினால்தான் அப்படி வரும். கையில் டார்ச் பிடித்து வெட்டியிருந்தால் ஓரமெல்லாம் கோடு கோடாக இருக்கும். பயணி பக்க வெல்டிங் எல்லாம் ஒரே அளவு, ஒரே கை. சரி, இது பட்டறையில் வரிசையாகச் செய்து கடையில் விற்ற சரக்கு.

டிரைவர் பக்கம் வேறு கதை. 5ம் 7ம் சேர்ந்து இறங்கும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு வேறு துண்டு. மற்ற இடமெல்லாம் குழாய்ச் சுவர் 1.2 மில்லிமீட்டர், இந்தத் துண்டு மட்டும் 1.5. மற்ற வளைவுகள் முழு வட்டமாக இருக்க, இதன் வளைவு உள்பக்கம் நசுங்கிச் சுருங்கியிருந்தது. பழைய குழாய்களில் வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் வெள்ளை பெயிண்ட் தெரிந்தது, அறுபதுகளின் பந்தய வண்டிகளில் ஹெடருக்கு அடிப்பார்களே, அது. புதுத் துண்டில் வெள்ளை இல்லை. இரண்டு முனையிலும் இணைப்பு மஞ்சளாக மின்னியது.

பொமோனா பழைய பாகச் சந்தைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஹெடர் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வெல்டிங் இல்லை, பித்தளைப் பற்று. இன்ஜின் பக்கத்தில் வைத்திருந்தால் சூட்டுக்கு விட்டிருக்கும். இவன் தள்ளி வைத்திருக்கிறான்" என்றார். எதற்காக வெட்டினார்கள் என்று கேட்டதற்கு, "வண்டி ஆட்டோமேட்டிக்கா மேனுவலா?" என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் கதவுத் தகடு ஞாபகம் வந்தது. மேனுவலாக மாற்றும்போது கிளட்ச்சை அழுத்தும் குறுக்குத் தண்டு அந்தப் பக்கம் வரும். அதற்கு இடம் விட்டுத்தான் குழாயை வளைத்திருக்கிறார்கள்.

ஆக, கடையில் வாங்கிய டிரை-வை, பின்னால் ஒருவர் கையால் மாற்றியது. ஷெல்பி வண்டியிலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. வண்டியின் கோப்பில் அப்படியே எழுதி வைத்தேன்.

கசிவுக்குக் காரணம் 8ஆம் துளைப் பக்கம் தகடு வளைந்திருந்ததுதான். நேர்க்கோல் வைத்தால் அரை மில்லிமீட்டர் இடைவெளி. அரம் போட்டுச் சமன்செய்து, 289க்கான சாதாரண கேஸ்கட்டே போட்டேன். டிக் டிக் போய்விட்டது.

மஞ்சள் இணைப்பைப் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். அன்று மாலையே அழைத்தார். "அது என் கொழுந்தனார் வேலை. அவர் சைக்கிள் பிரேம் செய்கிறவர், எதையும் பித்தளையில்தான் ஒட்டுவார்" என்றார். அந்த இடத்தில் மட்டும் நான் பெயிண்ட் அடிக்கவில்லை.