சாமநத்தம் கண்மாயில் சுடலைக்குயில்

ஜூன் 9, 2024

காலை ஆறரை. மதுரைக்குப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாயில் தண்ணீர் ஓரமாகத்தான் கிடக்கிறது. கருவேல மரத்து உச்சியிலிருந்து "பியூ... பியூ... பிபியூ" என்று கணீர்க் குரல். நிமிர்ந்து தேடியதில் முதலில் கண்ணில் பட்டது கொண்டை. மேலே கறுப்பு, கீழே வெள்ளை, மைனா அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத நீள வால். பறந்தபோது இறக்கையில் வெள்ளைத் திட்டு, வால் நுனியிலும் வெள்ளை. சுடலைக்குயிலேதான். குளிர்காலத்தில் வரும் செவ்விறகுக் கொண்டைக்குயிலுக்கும் கொண்டை உண்டு. ஆனால் அதன் இறக்கை செம்பழுப்பு.

ஜூன் 10

படம் பார்த்த நண்பர், "ஆப்பிரிக்காவிலிருந்து மழையைக் கூட்டிட்டு வந்துருச்சா?" என்றார். வடக்கே என்றால் சரி, அங்கே பருவமழையோடு வந்திறங்கும். 2020இல் உத்தரகாண்டில் இரண்டு பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்களே, அவை அந்த ரகம். தென்கோடியில் ஆண்டு முழுக்கத் தங்குபவையும் உண்டு. மதுரைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் இது கத்துவதை நம்பிக் குடை எடுத்தால் வெயிலுக்குத்தான் பிடிக்க வேண்டும்.

ஜூன் 16

இன்று ஜோடி. ஒன்று வெட்டவெளிக் கிளையில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் திரண்டு அதைத் துரத்தின. அந்தச் சந்தடியில் மற்றது முள்புதருக்குள் நுழைந்து சட்டென்று வெளியே வந்துவிட்டது. அங்கிருக்கும் தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டை இட்டிருக்கலாம். இதன் முட்டையும் தவிட்டுக்குருவி முட்டை போலவே நீலம். புதரை விலக்கிப் பார்க்கவில்லை. நாம் விலக்கிய வழியில் அப்புறம் காக்கை நுழையும்.

ஜூன் 30

எருக்குப் பக்கத்தில் ஒரு கம்பளிப்புழுவைப் பிடித்தது. உடனே விழுங்கவில்லை. அலகால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நசுக்கிக்கொண்டே போய், குடலைப் பிதுக்கி எறிந்த பிறகுதான் உள்ளே தள்ளியது. ரோமத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

ஜூலை 21

தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு நடுவே கரும்பழுப்பாக ஒரு குஞ்சு. குட்டைக் கொண்டை, மங்கலான வயிறு, இறக்கையில் அதே வெள்ளைத் திட்டு. மூன்று பெரியவை மாறி மாறி இரை கொடுத்தன. பக்கத்திலேயே அவற்றின் சொந்தக் குஞ்சும் இருந்ததுதான் விசேஷம். ஐரோப்பாவின் குயில் குஞ்சு கூட்டிலிருக்கும் மற்றதையெல்லாம் முதுகால் தள்ளிவிடும். இதற்கு அந்தப் பழக்கம் இல்லை. கூடவே வளரும், கத்திக் கத்தி அதிகமாக வாங்கிக்கொள்ளும். இன்று ஒரு வெட்டுக்கிளிக்கு இரண்டும் வாயைத் திறந்தன. கிடைத்தது குயில் குஞ்சுக்கு.

பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் இணையதளப் பட்டியலில் ஏற்றியாயிற்று: சுடலைக்குயில் 1, இளம் பறவை.