எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் ஃபில்டர் மாற்றிய அனுபவம்: ஓ-ரிங்கை முதலில் வாங்கி வையுங்கள்

ஃபில்டரை மாற்ற ஆன நேரம் இருபது நிமிடம். அதற்காக வண்டி டேங்க் இல்லாமல் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது நான்கு நாள். அந்த நான்கு நாளையும் தின்றது, பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில் உட்காரும் ஓ-ரிங் என்ற ஒரு ரப்பர் வளையம். எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அதாவது பம்ப் அழுத்தத்தில் பெட்ரோலை என்ஜினுக்குப் பீய்ச்சும்) பைக் வைத்திருப்பவர்கள் டேங்கில் கை வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த சில மாதங்களில் வாங்கிய வண்டி அது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருவது அதில்தான். ஆறு வாரத்துக்கு முன், ரெட்டிச்சாவடி அருகே ஒரு பேருந்தை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை முறுக்கியபோது, வண்டி முன்னே பாயாமல் மூச்சு முட்டியதுபோல் விட்டுவிட்டு இழுத்தது. எதிரில் லாரி வந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து மறுபடி பேருந்தின் பின்னால் சேர்வதற்குள் உயிர் போய் வந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் எந்தக் குறையும் தெரியாது. அறுபதைத் தாண்ட முயன்றால் மட்டும் திணறும். என்ஜின் எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

ஒரு சர்வீஸ் சென்டரில் முதலில் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினார்கள். திணறல் அப்படியே இருந்தது. இரண்டாவது முறை போனபோது ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டல சார், பெட்ரோல்தான் சரியில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை, பம்ப்பை முழுதாக மாற்ற வேண்டும், ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது. ஃபில்டர் அடைத்து அழுத்தம் குறைந்தாலும் ஸ்கேனர் அதைச் சொல்லாது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பம்ப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அந்த மானியை மாட்டிக் காட்டினார். சுமார் 3 பார் அழுத்தம் காட்ட வேண்டிய முள் 2-ஐக்கூடத் தொடவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்னும் கீழே இறங்கியது. "பம்ப் சத்தம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஃபில்டர்தான் அடைச்சிருக்கு" என்றார். சில வண்டிகளில் ஃபில்டரும் பம்ப்பும் ஒரே வார்ப்பாக இருக்கும். அவற்றில் முழுதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. என் வண்டியில் ஃபில்டர் டேங்குக்கு உள்ளே தனியாக, ஹோஸும் கிளிப்பும் போட்டு இணைக்கப்பட்டிருந்தது. அவரிடம் ஒரு வாரத்துக்கு வேலை நிறைந்திருந்ததால் ஃபில்டரை மட்டும் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நானே பிரிக்க உட்கார்ந்தேன்.

முதல் தவறு அதற்கு முந்தைய நாளே நடந்துவிட்டது. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் கன்னியக்கோயில் பக்கம் வழக்கம்போல் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன். முழு டேங்கைக் கழற்றிக் கவிழ்க்க முடியாது. பதினொரு லிட்டரைக் குழாய் வைத்து கேனுக்கு மாற்றுவதிலேயே காலை போனது. டேங்க் காலியாகும் தறுவாயில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பம்ப்பின் மின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, அது தானாக அணைந்த பிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும்; இல்லையென்றால் குழாயில் நிற்கும் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், வீட்டுக்குள் அடுப்போ பூஜை விளக்கோ எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபில்டரை, பெட்ரோல் உள்ளே நுழையும் பக்கம் கீழே இருக்குமாறு ஒரு வெள்ளை வேட்டித் துணியின்மேல் கவிழ்த்தேன். முதலில் தெளிவாகச் சொட்டியது, பிறகு செங்கல்லை அரைத்துக் கரைத்ததுபோல் ஒரு குழம்பு இறங்கியது. துணி உலர்ந்ததும் அது காவிப் பொடியாக நின்றது. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. அத்தனையும் துரு.

அந்தத் துருவின் தொடக்கம் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாட்கள் என்றே நம்புகிறேன். அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, வண்டியை மேடான சாலையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். வெள்ளத்திலிருந்து தப்பிய வண்டி மூடுதுணி இல்லாமல் மழையில் நின்றது. டேங்க் மூடியைத் திறந்தால், வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு துளை தெரியும். அங்கே விழும் மழைநீர் அந்தத் துளை வழியே, டேங்குக்குள் கலக்காமல், அடியில் உள்ள ஒரு மெல்லிய குழாயில் இறங்கி வெளியேற வேண்டும். என் வண்டியில் அந்தக் குழாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் ஒவ்வொரு மழைக்கும் மூடியின் விளிம்பு வழியாக உள்ளே கசிந்திருக்கிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. பம்ப் உறிஞ்சும் அடிப்பகுதியில்தான் போய்த் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே பிரிந்து அடியில் நிற்கும். இரும்பு டேங்க் அந்த இடத்தில் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குடைந்து குழாயைத் திறந்தேன். டேங்கையும் இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி இருமுறை அலசினேன். இதைச் செய்யாமல் புது ஃபில்டர் போட்டால் அதுவும் சில மாதங்களில் அடைக்கும்.

பம்ப்பைத் திரும்பப் பொருத்தும்போதுதான் ஓ-ரிங் என்னை மடக்கியது. கழற்றும்போது பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த வளையம், வெளியே வந்த பிறகு பள்ளத்தைவிடப் பெரிதாக நெளிந்து நின்றது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. ஆண்டுக்கணக்கில் பெட்ரோலில் ஊறி உப்பிய ரப்பர் அது. பழையதையே எப்படியாவது திணித்து போல்ட்டை இறுக்கலாம் என்று தோன்றும்; தயவுசெய்து செய்யாதீர்கள். எங்காவது ஒரு மடிப்பு சிக்கினால் பெட்ரோல் நேரே சூடான என்ஜின்மேல் சொட்டும்.

திங்கட்கிழமை பேருந்தில் வேலைக்குப் போய், மதிய இடைவேளையில் புதுச்சேரியில் ஒரு உதிரிபாகக் கவுண்டருக்கு ஓடினேன். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "அதெல்லாம் தனியா வராது சார், பம்ப்போடதான் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார் அங்கிருந்தவர். செவ்வாய்க்கிழமை வேறொரு கடையில், நான் கொண்டுபோன பழைய வளையத்தை மாதிரியாக வைத்துப் பார்த்து, அதே அளவில் ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வைத்தால் அதுவும் பள்ளத்துக்கு வெளியே நின்றது. உப்பிய மாதிரிக்கு அளவெடுத்தால் உப்பிய அளவில்தானே கிடைக்கும்!

அன்றிரவு மெக்கானிக் அண்ணனை போனில் பிடித்தேன். பழைய வளையத்தை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். "அதான் தம்பி, பெட்ரோல் ஆவி வெளியே போக வழியே இல்ல. எடுத்து வெயில்ல போடு, சுருங்கிடும். அளவுக்கு மட்டும் அதை வெச்சுக்கோ, மாட்டாத" என்றார். புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். காலையில் மொட்டைமாடியில் போட்ட வளையம் மதியத்துக்குள் சுருங்கி, பள்ளத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. அதை எடுத்துக்கொண்டு கடலூரிலேயே பேரிங், ஆயில் சீல் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் காலிப்பரை வைத்து அளந்து, சாதாரண நைட்ரைல் வேண்டாம், பெட்ரோலுக்கு வைட்டான் ரப்பர்தான் தாங்கும் என்று எடுத்துக் கொடுத்தார். விலை அறுபது ரூபாய். புதுச்சேரிக்கு இரண்டு நாள் அலைந்த பொருள், வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருந்தது.

பொருத்தும் வேலை எளிதாகவே முடிந்தது. இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். டேங்குக்கு உள்ளே போடும் ஹோஸ் வேறு வகை. சாதாரண பெட்ரோல் ஹோஸ் உட்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும், முழுக்க மூழ்கினால் கெட்டுவிடும். மேலே 'ஆர்10' என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி, பம்ப்பிலிருந்து பெட்ரோல் வெளியேறும் திசையைப் பார்க்க வேண்டும். போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

கேனில் நான்கு நாள் நின்ற பெட்ரோலின் அடியில் துருப்பொடி படிந்திருந்ததால், கடைசி ஒரு லிட்டரை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டி ஊற்றினேன். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை நான்கைந்து முறை போட்டு அணைத்தபோது, ஒவ்வொரு முறையும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றது. டேங்கின் அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. வியாழக்கிழமை காலை ரெட்டிச்சாவடியில் மீண்டும் ஒரு பேருந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே சாலை காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினேன். எண்பது வரை ஒரு சிணுங்கல் இல்லாமல் போனது.