எல்லாம் சரி என்றது ஷேக்கில், சரிபார்த்ததோ ஒன்றுமில்லை

நூலகப் பட்டியல் ஒன்றை ஆர்டிஎஃப்புக்கு (தரவைச் சிறு சிறு கூற்றுகளாக எழுதும் வடிவம்) மாற்றிக் கொடுக்கும் வேலை. பைத்தான் நிரல் சிஎஸ்வி அட்டவணைக் கோப்பைப் படிக்கும், ட்ரிபிள்களாக்கும் (பொருள், பண்பு, மதிப்பு என்ற மூன்று பகுதிக் கூற்றுகள்), ஷேக்கில் விதிகளோடு (ஆர்டிஎஃப் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் மொழி) ஒப்பிடும், தேறினால் கிடங்கில் ஏற்றும். மூன்று வாரம் ஒரு தடங்கலும் இல்லை. அப்புறம் தரவை வாங்கிக்கொண்டவர்கள் கேட்டார்கள்: தலைப்பே இல்லாத புத்தகங்கள் எப்படி உள்ளே வந்தன? தலைப்புக்கு மின்கவுண்ட் 1 (குறைந்தது ஒன்றாவது வேண்டும்) என்று விதி எழுதியதே நான்தான். வயிறு கலங்கிவிட்டது.

முதல் தப்பு பைத்தான் வரியில் இருந்தது. ஷேக்கில் சோதனையைச் செய்யும் பைத்தான் தொகுப்பான பைஷேக்கிலின் வேலிடேட் செயல்கூறு தருவது உண்மை, பொய் என்ற ஒற்றை மதிப்பு அல்ல. தேறியதா என்ற விடை, முடிவு கிராஃப் (ட்ரிபிள்களின் தொகுப்பு), படிக்கிற மாதிரி ஓர் அறிக்கை என்று மூன்றும் சேர்ந்த டியூப்பிள் அது. நான் அதை அப்படியே இஃப் நிபந்தனைக்குள் போட்டிருந்தேன். காலியில்லாத டியூப்பிள் பைத்தானுக்கு எப்போதும் உண்மைதான். முதல் உறுப்பு பொய் என்று சொன்னாலும் தரவு ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

மூன்றையும் தனித்தனியாக வாங்கி மறுபடி ஓட்டினேன். பிழைகள் கொட்டும் என்று காத்திருந்தால், மறுபடியும் 'தேறியது'!

இதில்தான் ஒன்றரை நாள் போனது. விதிக் கோப்பை வரிக்கு வரி படித்தேன், எழுத்துப்பிழைகூட இல்லை. கடைசியில் தலைப்பில்லாத ஒரே ஒரு புத்தகத்தை டர்ட்டிலில் (ஆர்டிஎஃப்பை எழுதும் ஒரு முறை) எழுதி, விதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தரவில் ஸ்கீமா.ஆர்க் (புத்தகம், ஆள் போன்ற வகைகளுக்குப் பொதுப் பெயர்கள் தரும் சொல்தொகுதி) முகவரி எச்டிடிபி என்று தொடங்கியது. விதியில் எச்டிடிபிஎஸ். நமக்கு இரண்டும் ஒன்றுதான், ஆர்டிஎஃப்புக்கு ஓர் எழுத்து மாறினால் வேறு ஐஆர்ஐ, அதாவது வேறு அடையாள முகவரி. டார்கெட் கிளாஸில் (விதி எந்த வகைக்கு என்று குறிக்கும் இடம்) சொன்ன வகையில் ஒரு புத்தகம்கூடத் தரவில் இல்லை. சோதிக்க ஆளே இல்லையென்றால் மீறலும் இல்லை, ஆகவே ஷேக்கில் 'தேறியது' என்கிறது. அதன் இலக்கணப்படி அது சரியான பதில். ஆனால் 'எத்தனை முனைகளை (இங்கே புத்தகங்களை) பார்த்தேன்' என்று அறிக்கையில் ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு அந்த ஒன்றரை நாள் மிஞ்சியிருக்கும்.

முகவரியைத் திருத்தியதும் மீறல்கள் மளமளவென்று வந்தன. அவ்வளவு நிம்மதி! பாதிக்கு மேல் தேதிகள்: எக்ஸ்எஸ்டி டேட் (ஆண்டு, மாதம், நாள் மூன்றும் உள்ள தேதி வகை) கேட்ட இடத்தில் வெறும் 1998. பழைய நூல்களுக்கு ஆண்டு மட்டும்தான் தெரியும். அதனால் ஜிஇயர் (ஆண்டு மட்டும்) வகையையும் ஏற்கும்படி விதியைத்தான் மாற்றினேன், தரவை அல்ல. ஜனவரி 1 என்று ஒட்டவைப்பது பொய்த் தரவு. 13ஆம் மாதம் போட்ட தேதிகளும் இருந்தன. ஆர்டிஎஃப்பைப் படிக்கும் பைத்தான் தொகுப்பான ஆர்டிஎஃப்லிப் அவற்றைத் தடுக்கவில்லை, ஷேக்கில்தான் பிடித்தது.

தலைப்புக்கு மேக்ஸ்கவுண்ட் 1 (அதிகபட்சம் ஒன்று) போட்டிருந்ததும் தப்பு. ஒரே நூலுக்குத் தமிழில் ஒரு தலைப்பு, ஆங்கிலத்தில் ஒன்று இருந்தால் அது இரண்டு மதிப்பாகக் கணக்காகும். மொழிக்கு ஒன்று என்பதுதான் தேவையென்றால் யூனிக்லாங் போடுங்கள்.

வேகத்துக்காகத் தரவைத் துண்டு துண்டாக்கிச் சோதிப்பவர்கள் கவனிக்கவும். ஆசிரியர் பர்சன் (ஆள்) வகையாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு, அந்த வகையைச் சொல்லும் ட்ரிபிளும் அதே கிராஃபில் இருந்தாக வேண்டும். என்னுடையது வேறு கோப்பில் கிடந்தது. நல்ல ஆசிரியர்கள் அத்தனை பேரும் மீறல் பட்டியலில்!

ஓடபிள்யூஎல்லில் (ஆர்டிஎஃப் தரவிலிருந்து புதுத் தகவலை ஊகிக்க உதவும் மொழி) கட்டுப்பாடு எழுதியிருக்கிறோமே, அது போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். போதாது. அங்கே இல்லாத தகவல் பிழை அல்ல, இன்னும் தெரியாத தகவல். ரேஞ்ச் (ஒரு பண்பின் மதிப்பு எந்த வகை என்பது) என்று எழுதினால் அது தவறான மதிப்பைத் தடுக்காது, அந்த மதிப்புக்கே புது வகையை ஒட்டிவிடும். இந்த இடத்தை நிரப்பத்தான் ஷேக்கில் 2017இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்தது.

இப்போது நிரலில் இரண்டு காவல் வைத்திருக்கிறேன். ஒன்று, சோதனைக்கு முன் ஒவ்வொரு டார்கெட் கிளாஸிலும் எத்தனை முனைகள் என்று ஸ்பார்க்கிலில் (ஆர்டிஎஃப்பிடம் கேள்வி கேட்கும் மொழி) எண்ணுவது. பூஜ்யம் வந்தால் அங்கேயே நிற்கும். இன்னொன்று, வேண்டுமென்றே கெடுத்த சின்னக் கோப்பு: தலைப்பில்லாத நூல், 13ஆம் மாதத் தேதி, வகையில்லாத ஆசிரியர். அந்தக் கோப்பு தோற்றால்தான் உண்மைத் தரவுக்கே கை போகும்.

நேற்று அந்தக் கோப்பு மூன்று மீறலோடு தோற்றது, பட்டியல் முழுவதும் தேறியது. இந்த முறை எத்தனை நூல்கள் சோதிக்கப்பட்டன என்ற எண்ணையும் சேர்த்தே அனுப்பிவைத்தேன்.