சந்தேகப் பெட்டி

பிப்ரவரி 3

வீடு மாறும் முன் சாமான்களைப் பிரிக்கும் வேலையைக் கேபிள், சார்ஜர், பழைய ரசீது இவற்றில் தொடங்க வேண்டும். கடிதங்களிலோ புகைப்படங்களிலோ கை வைத்தால் முதல் மணி நேரத்திலேயே வேலை நின்றுவிடும், அன்றைய நாள் அதோடு சரி. முடிவெடுத்துப் பழக உணர்ச்சி ஒட்டாத சாமான்கள் தேவை.

மூன்று குவியல் போதும்: கூட வருவது, கொடுத்துவிடுவது, சந்தேகம். உடைந்ததற்குக் குவியலே கிடையாது, அது நேரே வெளியே.

பிப்ரவரி 4

சாமானைக் கையில் எடுக்காமல் முடிவு செய்ய வேண்டும். இன்னொருவர் தூக்கிக் காட்ட வேண்டும், உரியவர் எட்டி உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். வெறும் தொடுதலே 'இது என்னுடையது' என்ற எண்ணத்தைக் கூட்டுகிறது என்று நுகர்வோர் ஆய்வாளர்கள் ஜோஆன் பெக்கும் சூசன் ஷூவும் 2009-இல் காட்டினார்கள். வாங்காத பொருளுக்கே அப்படி என்றால், பத்து வருடம் கூடவே இருந்த பொருளைத் தொட்டால் கேட்கவா வேண்டும்.

காட்டுபவர் கேட்கும் கேள்வியும் முக்கியம். 'இது பயன்படுமா?' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றே பதில் வரும். கேட்க வேண்டியது: 'இது இன்று உங்களிடம் இல்லை என்று வையுங்கள். காசு கொடுத்து வாங்குவீர்களா?' கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்ட கோப்பைச் சோதனையில், சற்று முன்புதான் கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கையில் வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அந்த மடங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கத்தான் இப்படிக் கேட்பது.

பிப்ரவரி 5

புது வீட்டுச் சாவி எப்போது என்று இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6

சந்தேகப் பெட்டிக்கு விதிகள் இல்லாவிட்டால் அதுவே வீட்டை நிரப்பிவிடும்.

ஒரே பெட்டி, ஒரு ஆள் தனியாகத் தூக்கக்கூடிய அளவு. நிரம்பியதும் டேப் போட்டு, டேப்பின் மேலேயே தேதி எழுத வேண்டும். உள்ளே இருப்பதை வெளியே எழுதக் கூடாது. பட்டியல் கண்ணில் படும்போதெல்லாம் மறந்துபோனது திரும்ப வேண்டும் என்று தோன்றும். ஆறு மாதத்தில் எது தேவைப்பட்டதோ அதை மட்டும் எடுக்கலாம். ஆறு மாதம் கழித்து மிச்சத்தைத் திறந்து பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இந்தக் கடைசிப் படியில்தான். 'ஒரு தடவை பார்த்துவிட்டு' என்று திறந்தால் கை தொடும், தொட்டால் பாதி திரும்ப வீட்டுக்குள் வரும்.

ஆவணம், மருந்து, தீயணைப்புக் கருவி, ஏணி, தையல் பெட்டி ஆகியவற்றுக்கு இந்த விதி கிடையாது. எப்போதாவது தேவைப்படுவதே அவற்றின் இயல்பு.

பிப்ரவரி 8

நுகர்வோர் ஆய்வாளர் மார்ஷா ரிச்சின்ஸ் 2013-இல் வெளியிட்ட ஆய்வு மனதை விட்டுப் போகவே இல்லை. பொருளுக்குப் பெரிய இடம் கொடுப்பவர்கள் வாங்குவதற்கு முன் மிகுந்த மகிழ்ச்சியோடு காத்திருக்கிறார்கள், வாங்கிய பிறகு அந்த மகிழ்ச்சி இறங்கிவிடுகிறது. காரணம் பொருளின் தரத்தில் இல்லை. அதை வாங்கினால் வாழ்க்கை மாறும் என்று அவர்கள் நம்புவதில் இருக்கிறது: உறவு சரியாகும், நாலு பேர் மதிப்பார்கள், நானே வேறு ஆளாகிவிடுவேன் என்ற நம்பிக்கை. பொருள் வந்து சேர்ந்த நாளில் அது சொன்ன வேலையைச் செய்கிறது. கடிகாரம் மணி காட்டுகிறது, அவ்வளவுதான். நம்பிக்கை அடுத்த பொருளுக்கு மாறிவிடுகிறது.

பெட்டிகளுக்கு நடுவே இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஒரு காத்திருப்பு இருந்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு பொய்யில்லை. சுகம் உண்மையிலேயே அங்கேதான் இருந்தது.

அப்படியானால் செய்ய வேண்டியது காத்திருப்பை நீட்டுவது. ஒரு சின்ன நோட்டு, நான்கு பத்தி: தேதி, பொருள், ஆசை எப்படி வந்தது (விளம்பரமா, யார் வீட்டிலாவது பார்த்ததா, களைப்பா), இது வந்தால் என்ன மாறும். முப்பது நாள் கழித்துத் திரும்பப் படிக்க வேண்டும். நான்காவது பத்திதான் முழு நோட்டுக்கும் உயிர். ஒரு விளக்குக்கு அதில் 'இரவில் படிக்க வெளிச்சம் கிடைக்கும்' என்று இருந்தால் தாராளமாக வாங்கலாம். 'வீடு வீடாக இருக்கும்' என்று இருந்தால் எந்த விளக்காலும் அது முடியாது.

நோட்டு காகிதமாகவே இருக்கட்டும். கடைச் செயலியின் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் விலை குறைந்ததென்று மூன்றாம் நாளே செய்தி வரும், முப்பது நாள் அங்கேயே உடையும்.

பிப்ரவரி 9

சேமித்து வைத்த கார்டு எண்ணை அழிக்க வேண்டும். நோட்டிஃபிகேஷனை நிறுத்த வேண்டும். செயலியையே எடுத்துவிட்டு பிரௌசரில் மட்டும் வாங்குவது இன்னும் நல்லது. பதினாறு இலக்கத்தைத் தட்டும் அந்த நேரத்தில் பாதி ஆசை வடிந்துவிடும்.

பிப்ரவரி 11

'பேராசைக்காரர்கள்தான் பொருளுக்கு அலைவார்கள்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கோபமாக வருகிறது.

ரிக் பீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் நெதர்லாந்தில் 2,500-க்கும் மேற்பட்டவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் எழுதினார். பொருள் மோகம் தனிமையை வளர்க்கிறதா, தனிமை பொருள் மோகத்தை வளர்க்கிறதா என்பது கேள்வி. இரண்டும் நடக்கிறது, ஆனால் தனிமை பொருளை நோக்கித் தள்ளுவதே அதிகம். மோகத்தையும் அவர் வகை பிரித்தார். பொருளை வெற்றியின் அளவுகோலாக வைப்பதும், மகிழ்ச்சிக்கு மருந்தாக நினைப்பதும் தனிமையைக் கூட்டின. பொருளை அதன் ரசனைக்காகவே அனுபவிப்பது தனிமையைக் குறைத்தது.

இந்தக் கடைசி வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நல்ல பேனாவைப் பிடித்திருக்கிறது என்று வைத்திருப்பவரிடம் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பேனாவால் தன் உயரத்தை அளக்கும்போதுதான் வலி தொடங்குகிறது. சந்தேகப் பெட்டிக்கும் இதே உரைகல் போதும். ரசித்து வைத்திருப்பது கூட வரட்டும். பிறர் பார்க்கட்டும் என்று வைத்திருப்பது பெட்டிக்குள் போகட்டும்.

இரவு பத்து மணிக்கு மேல் எதையோ தேடி ஸ்க்ரோல் செய்பவருக்குச் சிக்கனப் பாடம் எடுப்பதில் பயனில்லை. அவரிடம் ஐந்து நிமிடம் பேசலாம்.

பிப்ரவரி 12

மழை. பெட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்தியாயிற்று.

பிப்ரவரி 13

விலையை மணி நேரமாக மாற்றும் கணக்கு. மாதம் கையில் வரும் தொகையில் வேலைக்காகவே ஆகும் செலவைக் (பயணம், உடை, வெளிச் சாப்பாடு) கழிக்க வேண்டும். வேலை நேரத்தோடு பயண நேரத்தையும் கூட்டி, அதால் வகுக்க வேண்டும். மாதம் 200 மணி நேரம் போகிறது, பொருளின் விலை அந்த மிச்சத் தொகையில் பத்தில் ஒரு பங்கு என்றால், அது 20 மணி நேரம். பயண நேரத்தைச் சேர்க்காதவர்களுக்கு எல்லாப் பொருளும் மலிவாகத் தெரியும்.

அதோடு முடியாது. துடைப்பது, சார்ஜ் போடுவது, பழுது பார்க்க அலைவது, இடம் மாற்றும்போது சுற்றிக் கட்டுவது. வாங்கும்போது இந்த நேரத்தை எந்த ரசீதும் காட்டாது.

பிப்ரவரி 14

தவணை இந்தக் கணக்கையே மறைத்துவிடுகிறது. ஆய்வாளர்கள் பிரெலெக்கும் சிமெஸ்டரும் 2001-இல் வெளியிட்ட சோதனையில் ஒரே விளையாட்டுப் போட்டிச் சீட்டுக்கு ஏலம் வைத்தார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட சராசரித் தொகை, ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களின் தொகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கொடுக்கும் வலி தள்ளிப்போனால் விலையின் உருவமே மாறிவிடுகிறது. மாதத் தவணையைப் பார்க்காமல் மொத்தத் தொகையைத்தான் நோட்டில் எழுத வேண்டும், வட்டியும் சேர்த்து.

பிப்ரவரி 16

பக்கத்து வீடு. நெதர்லாந்தின் அஞ்சல் குறியீட்டு லாட்டரியில் ஒரு குறியீட்டுக்கே பரிசு விழும். அங்கே சீட்டு வாங்கியிருந்தவர்களுக்குப் பணமும், அவர்களில் ஒருவருக்குக் காரும் கிடைத்தன. 2011-இல் வெளியான ஆய்வில், சீட்டே வாங்காமல் பரிசுக்காரருக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காருக்குச் செலவழித்தது தெரிந்தது. அவர்கள் வருமானம் ஒரு காசும் கூடியிருக்கவில்லை.

புது இடத்தில் எந்த ஜன்னல் எதைப் பார்த்து இருக்கும் என்றே யோசனை ஓடுகிறது.

பிப்ரவரி 17

சாவி 21-ஆம் தேதி.

பிப்ரவரி 18

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: பொருள் மோகம் வேறு, தேவை வேறு. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர் அதற்கு ஆசைப்படுவதைப் பார்த்து 'பொருளில் மகிழ்ச்சி இல்லை' என்பது கொடுமை. 'பொருளைவிட அனுபவத்துக்குச் செலவிடு' என்ற அறிவுரைக்கும் இதே எல்லை உண்டு. உளவியலாளர்கள் வான் போவென், கிலோவிச் இருவரும் 2003-இல் அனுபவமே கூடுதல் மகிழ்ச்சி தருகிறது என்றார்கள். வசதி குறைந்தவர்களுக்குப் பொருளும் அதே அளவு, சில நேரம் அதற்கு மேலும் மகிழ்ச்சி தருவதை 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. நல்ல செருப்பு வாங்க முடியாதவரிடம் பயணம் போகச் சொல்லாதீர்கள்.

வசதியுள்ளவர்களிடமும் ஒரு சிக்கல். காட்டுவதற்காகவே போகும் பயணம் பொருளாகிவிடுகிறது. படம் எடுக்காமல் போகச் சொன்னால் போவார்களா என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 19

சந்தேகப் பெட்டிக்கு டேப் போட்டாயிற்று. மேலே தேதி மட்டும்.

பிப்ரவரி 22

காலி அலமாரிதான் ஆபத்து. காலி இடம் கண்ணில் பட்ட முதல் வாரத்தில் வாங்குவதெல்லாம் இடத்துக்காக வாங்குவது. ஒன்று புதிதாக வந்ததும் பக்கத்தில் இருப்பவை பழையதாகத் தெரியும், பிறகு அவற்றுக்கும் ஜோடி தேட வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோ தன் புது அங்கியைப் பற்றி 1769-இலேயே இதைப் புலம்பியிருக்கிறார். அங்கிக்கு ஏற்றபடி அறையையே மாற்றிக்கொண்டு போனார்.

அறைகலன் எதுவும் வாங்கும் முன் அதன் நீள அகலத்தைத் தரையில் காகித டேப்பால் ஒட்டி, இரண்டு வாரம் அதைச் சுற்றியே நடக்க வேண்டும். கதவு முழுதாகத் திறக்கிறதா, இழுப்பறைக்கு முன்னால் ஆள் குனிய இடம் இருக்கிறதா, நடக்க 75 செ.மீ.யாவது மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். துணி டேப் ஒட்டினால் பசை தரையில் தங்கிவிடும். காகித டேப்பே சரி.

மேசைக்கு ஒட்டியாயிற்று. அலமாரிக்கு நாளை