சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஸ்கேனர் தேடிய கதை

ரேடியோ ஸ்கேனர் என்பது சேனல்களை ஒவ்வொன்றாகத் தேடி, யாராவது பேசினால் நின்று கேட்கவைக்கும் கருவி. அதை வாங்கப் போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் சொல்கிற கம்பெனிப் பெயர் யூனிடன். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். பிசி125ஏடி என்று ஒரு கையடக்க மாடல், 500 சேனல் நினைவகம், இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். அதற்கு மேல் போனால் ‘டிரங்கிங்’, ‘பி25’ என்று பெட்டியில் வார்த்தைகள் கூடும், விலையும் மளமளவென்று ஏறும். அந்தக் கூடுதல் காசெல்லாம் அமெரிக்காவில் போலீஸும் தீயணைப்புத் துறையும் பேசும் டிஜிட்டல் முறையைக் கேட்பதற்கு. சேலம் அம்மாப்பேட்டையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதனால் என்ன பயன்? ‘டபிள்யூஎக்ஸ்’ என்று ஒரு பட்டன் வேறு. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை அங்கே அரசாங்கமே நாள் முழுக்க வானிலை வாசிக்கிறது. நம்மூரில் அந்த பட்டனை அழுத்தினால் இரைச்சல்தான் வரும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஹாம் ரேடியோக்கார அண்ணன் இருக்கிறார், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவர். அவரிடம் போய் நின்றேன். மாடல் பட்டியலை நீட்டினால் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“தம்பி, எந்த செட்டுங்கிறது அப்புறம். என்ன கேக்கப் போறீங்க? அத எழுதிட்டு வாங்க.”

எழுதினேன். ராத்திரி மீடியம் வேவ், சிற்றலை, ஹாம் ஆட்கள் பேசுவது, மேலே போகும் விமானங்கள், சர்வதேச விண்வெளி நிலையம். போலீஸ், ரயில்வே இரண்டும் என் பட்டியலில் கிடையாது. அண்ணனும் அதைத்தான் முதலில் பார்த்தார்.

பிறகு சட்டம் சொன்னார். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம். தாத்தா காலத்தில் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் புதுப்பித்தார்களே, அந்த வழக்கம் 1980களில் போனது. போனது பொது ஒலிபரப்பு கேட்கும் ரேடியோவுக்குத்தான். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் அலைவரிசை என்றால் அனுமதி என்ற அடிப்படை மாறவில்லை. வெளிநாட்டிலிருந்து ஸ்கேனர் தருவித்தால் சுங்கத்தில் நிற்கும், நின்றால் காகிதம் கேட்பார்கள். அதனால் யூனிடனை அன்றைக்கே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். விமானி பேசுவதும் பொது ஒலிபரப்பில் சேராது, அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடுகிற வேலையெல்லாம் வேண்டாம் என்றும் சொன்னார். “பேசாம பரீட்சை எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்கிருங்க, கேக்கறதோட பேசவும் செய்யலாம்” என்றார். அதில் ஆரம்ப நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னை போன சமயம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலும் விசாரித்தேன். ஸ்கேனர் என்று கேட்டால் வாக்கிடாக்கியை எடுத்து வைக்கிறார்கள். “இதுலயே ஸ்கேன் இருக்கு சார்.” இருக்கிறது, ஆனால் ஆமை வேகம். பாவ்ஃபெங் யூவி-5ஆர் மாதிரியான பழைய செட்டுகளில் விமான அலைவரிசை எடுக்கவே எடுக்காது. விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் முறையில் பேசுகின்றன, அந்த செட்டுக்கு எஃப்எம் மட்டும்தான் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், வாக்கிடாக்கி கேட்பதோடு அலை அனுப்பவும் செய்யும் கருவி. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதே இந்த மாதிரி விற்பனைக்காகத்தான். கேட்க மட்டும் ஆசைப்படுகிறவன் கையில் பேசும் பட்டன் எதற்கு?

கடைசியில் வீட்டுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டேன்.

பயணத்துக்கு எக்ஸ்ஹெச்டேட்டா டி-808. பார்க்க சாதாரண டிரான்சிஸ்டர். மீடியம் வேவ், சிற்றலை, எஃப்எம், விமானங்கள் பேசும் ஏர்பேண்ட் நான்கும் உண்டு, எஸ்எஸ்பி என்ற பேச்சு முறையைக் கேட்கும் வசதியும் உண்டு. ஹாம் ஆட்கள் 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்பியில்தான் பேசுகிறார்கள். அந்த வசதி இல்லாத ரேடியோவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உளறுவது போலக் கேட்கும், எஸ்எஸ்பி போட்டு நுண்திருகை மெல்லத் திருப்பினால் குரல் ஒரு புள்ளியில் மனுஷக் குரலாகிவிடும். பேட்டரி 18650 வகை, டார்ச்சில் போடுகிற அதே உருளை. விலை பத்தாயிரத்தை ஒட்டி வந்தது.

வீட்டுக்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். கணினியில் செருகி, மென்பொருள் வழியாக ரேடியோ கேட்கும் பொருள், பென் டிரைவ் அளவுதான் இருக்கும். ஐரோப்பாவில் கணினியில் டிவி பார்க்கச் செய்த பொருள், 2012 வாக்கில் அதன் சிப்பை வைத்து மற்ற அலைவரிசைகளையும் கேட்கலாம் என்று ஆட்கள் கண்டுபிடித்தார்கள். 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1766 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும். ஸ்கேனர் ஒவ்வொரு சேனலாகத் தாண்டித் தாண்டிப் போகும். இது இரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரேயடியாகத் திரையில் விரித்துக் காட்டும். யாராவது பேசினால் அந்த இடத்தில் மஞ்சள் கோடு இறங்கும், அதன்மேல் சொடுக்கினால் குரல். ஒரு மணி நேரம் ஓடினால் அலுமினியக் கூடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். பயப்பட வேண்டாம், அதன் சுபாவம் அப்படி. போலிகள் நிறைய உலவுவதால் தயாரிப்பாளர் தளத்தில் பெயர் போட்டிருக்கும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

வாங்கியது சுலபம், கேட்பதுதான் பாடு. வீட்டில் மீடியம் வேவ் 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலி வைத்தால் ‘ங்ர்ர்ர்’ என்று ஒரே கரகரப்பு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் வைத்தேன், திருச்சி பளிச்சென்று வந்தது. அப்புறம் ஒவ்வொரு பிளக்காகப் போட்டுப் பார்த்ததில் முதல் எதிரி கேபிள் டிவி பெட்டியின் அடாப்டர், இரண்டாவது ஹாலில் இருந்த மலிவு எல்இடி டியூப். இரண்டையும் மாற்றினேன். பக்கத்துத் தறிக்கூடத்தில் மோட்டார் போடும்போது வருகிற ‘டக்’ மட்டும் மிச்சம். அதை நான் போய்ச் சொல்ல முடியுமா, அவர்கள் பிழைப்பு.

ஆன்டெனாவுக்குப் பெரிய செலவு இல்லை. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் வரும். விமானங்கள் பேசும் 125 மெகாஹெர்ட்ஸுக்கு 60 சென்டிமீட்டர். அந்த அளவில் பித்தளைக் கம்பி ஒன்று நேராக, கீழே நான்கு சாய்வாக, மொட்டைமாடியில் பிளாஸ்டிக் பைப் மேலே. கீழே இறங்குவது கேபிள் டிவிக்காரர் போடும் ஆர்ஜி-6 ஒயர். அது 75 ஓம் வகை, ரேடியோவுக்குக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் ஒன்றும் ஆகாது.

மாடியில் வைத்த பிறகு ஒன்று புரிந்தது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் கணக்குப்படி 400 கிலோமீட்டர் வரை வரும். தரையிலிருக்கும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் வராது. அதனால் விமானி பதில் சொல்வது கேட்கும், கேள்வி கேட்டவர் குரல் இருக்காது. மேற்கே கோவை, கொச்சிப் பக்கம் போகிறவை வெகுதூரம் கூடவே வரும். சென்னைப் பக்கம் போகிறவை சீக்கிரமே மங்கிவிடும், வடகிழக்கில் சேர்வராயன் மலை மறைக்கிறது.

அந்த மலை மேலேயே ஏறிவிட்டால் கதை வேறு. மச்சான் வீடு ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில். கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் தாண்டியதும் ரேடியோவுக்கு அடிவானம் 140 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போய்விடுகிறது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று டி-808-ன் ஏரியலை நன்றாக இழுத்துவிட்டால், சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் இறங்கும் விமானத்தின் குரலும் அதற்குத் தரையிலிருந்து வரும் பதிலும் இரண்டுமே காதில் விழுகின்றன. எஃப்எம்மில் கொடைக்கானல் 100.5 உள்ளூர் நிலையம் போல வருகிறது.

ஆனால் டாங்கிளை மலைக்குக் கொண்டுபோனால் வேறு தலைவலி. சுற்றிலும் அலைபரப்புக் கோபுரங்கள், தவிர நாலு திசையிலிருந்தும் எஃப்எம் நிலையங்கள் வந்து மொய்க்கின்றன. 125 மெகாஹெர்ட்ஸில் விமானத்தைத் தேடினால் சினிமாப் பாட்டு பாடுகிறது. டாங்கிள் திணறுகிறது, அவ்வளவுதான். கெயினை, அதாவது அலையைப் பெருக்கும் அளவை, குறைத்தால் பாதி சரியாகும். 88 முதல் 108 வரை தடுக்கும் எஃப்எம் ஃபில்டர் ஒன்று நடுவில் போட்டால் முழுசும் சரியாகும். சேலத்தில் அது தேவைப்படவில்லை, ஏற்காட்டில் அது இல்லாமல் முடியாது.

விண்வெளி நிலையத்துக்கு 145.800 மெகாஹெர்ட்ஸ். டாங்கிளை ஓடிஜி ஒயரில் போனோடு சேர்த்தால் கணினிகூட வேண்டாம். அதன் வேகத்தால் அலைவரிசை நகரும்: அடிவானத்தில் எழும்போது சுமார் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் மேலே, மறையும்போது அதே அளவு கீழே. சில சமயம் அங்கிருந்து ஒலியாகப் படம் அனுப்புவார்கள், ரோபோட்36 செயலியைத் திறந்து வைத்தால் போன் திரையில் கோடு கோடாகப் படம் இறங்கும். மச்சான் பையன் அதைப் பார்த்த பிறகு டாங்கிளைத் திருப்பித் தர மறுக்கிறான்.

பயணத்துக்கு இன்னும் சில. ரயிலில் ஏசி பெட்டியில் ஒன்றும் எடுக்காது, ஜன்னல் திறக்கும் பெட்டிதான் சரி. விமானத்துக்குள் ரேடியோ போடக்கூடாது; கழற்றி வைத்த 18650 பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். அமெரிக்கா போகிறவர்கள் ரேடியோவில் மீடியம் வேவ் நிலையங்களுக்கு இடையிலான இடைவெளியை 9-லிருந்து 10 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிலையங்கள் சரியாக உட்காராது. பிரிட்டனில் உங்களுக்கென்று இல்லாத பேச்சைக் கேட்பதே சட்டப்படி குற்றம், அங்கே ஏர்பேண்ட் பக்கமே போக வேண்டாம்.