எதிர்வீட்டு இன்வெர்ட்டரும் இந்தோனேசியாக்காரரும்

‘நாளை மின்தடை’ என்று பேப்பரில் எங்கள் ஏரியா பெயரைப் போட்டால் சந்தோஷப்படுகிற ஆள் சேலத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். தெருவில் மற்றவர்கள் முந்தின நாள் ராத்திரியே மாவு அரைத்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, போனையெல்லாம் சார்ஜில் போட்டுப் புலம்பிக்கொண்டே படுப்பார்கள். நான் லேப்டாப்பை முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் படுப்பேன். காலை 9 மணிக்கு ஃபேன் நின்றதும் வீட்டுக்கு வீடு ‘ச்சே’ என்று சத்தம் வரும். நான் மொட்டை மாடிக்கு ஓடுவேன்.

எல்லாம் கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்றினால் வந்தது. எஸ்டிஆர் என்பார்கள், மென்பொருள் ரேடியோ. பழைய ரேடியோவில் காயிலும் கண்டன்சரும் செய்த வேலையை இதில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டே செய்துவிடும். ஏரியலில் வருவதை நொடிக்கு 24 லட்சம் தடவை அளந்து, எண்களாக்கி, யுஎஸ்பி வழியாக உள்ளே தள்ளுவது மட்டும்தான் டாங்கிளின் பொறுப்பு. இதன் பூர்வீகம் ஐரோப்பாவில் டிஜிட்டல் டிவி பார்க்கிற சாமான். இதற்குள் இருக்கும் ஆர்டிஎல்2832யூ என்ற ரியல்டெக் சிப், டிவி வேலையை விட்டுவிட்டு அளந்த எண்களை அப்படியே வெளியே கொடுக்கும் என்பதை 2012 வாக்கில் லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தவர்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மலிவான டிவி சாமான் உலகம் கேட்கும் ரேடியோ ஆகிவிட்டது. சாதாரணமாக இது 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்குக் கீழே இருக்கிற, தூர தேசத்து நிலையங்கள் வருகிற சிற்றலைக்கு (ஷார்ட்வேவ்) ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். என்னிடம் இருப்பதில் அது உள்ளேயே இருக்கிறது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் மூலைவரை 20 மீட்டர் ஒயர் கட்டினேன். திரையில் ‘வாட்டர்ஃபால்’ என்று ஒன்று ஓடும். கருநீலப் பரப்பில் ஒவ்வொரு நிலையமும் மஞ்சள் கோடாக இறங்கும். முள்ளைத் திருகித் தேட வேண்டியதில்லை. கோட்டைப் பார்த்து மவுஸால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

போதும் என்று அதை விற்றவர்கள் சொன்னார்கள். சேலம் டவுனுக்குள் குடியிருந்தால் திரையில் தெரிவது கண்டம் விட்டுக் கண்டம் வரும் சிக்னல் இல்லை, வீட்டுச் சிக்னல்தான். முதல் நாள் பார்த்தபோது திரை முழுக்க மஞ்சள் கோடு. சரிசமமான இடைவெளியில் வரிசையாக நின்றது. அடடா, உலகத்தில் இத்தனை நிலையங்களா என்று ஒவ்வொன்றாகத் தட்டினால் எல்லாவற்றிலும் ஒரே ‘ர்ர்ர்ர்’. அத்தனையும் பூஜை அறை எல்ஈடி பல்பு.

இப்போது வருகிற அடாப்டர், சார்ஜர், எல்ஈடி பல்பு எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சர்க்யூட் இருக்கிறது. ஒழுங்காகச் செய்தவற்றில் வடிகட்டி வைத்திருப்பார்கள். விலை மலிவானவற்றில் முதலில் காணாமல் போவது அந்த வடிகட்டிதான். அப்புறம் வீட்டு ஒயரிங் முழுக்க ஏரியலாகி, சிற்றலை மொத்தத்துக்கும் அது ஒலிபரப்பு நடத்தும்.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் பெட்டியில் ஒவ்வொரு ரூமுக்கான எம்சிபி சுவிட்சாக இறக்கிக்கொண்டே திரையைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். சமையலறையை இறக்கியதும் ஒரு கூட்டம் கோடுகள் மறைந்தன. அது தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினின் அடாப்டர். மாடி ரூமை இறக்கினேன், வைஃபை ரவுட்டர் போனது. ஹாலை இறக்கியபோது திரை அப்படியே துடைத்துவிட்ட மாதிரி ஆனது. ஆஹா என்று நினைப்பதற்குள் கீழேயிருந்து அம்மாவின் குரல்.

“டேய் சாமி, எதிர்வீட்டுல கரண்ட் இருக்குது. நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன கேடு?”

அப்போது மணி இரவு எட்டரை. சீரியலில் யாரோ யாருக்கோ உண்மையைச் சொல்ல வாயெடுத்த நேரமாம். அந்த உண்மை என்ன என்று இன்றுவரை தெரியவில்லை, அதற்கு நான்தான் பொறுப்பு என்பது மட்டும் குடும்பத்தில் முடிவாகிவிட்டது.

பையன் வேறு ஒரு நாள் கேட்டான். “ஏம்ப்பா, இதெல்லாம் நெட்லயே கேக்கலாமாமே?” கேட்கலாம். நெதர்லாந்தில் ட்வென்டி பல்கலைக்கழகத்தில் ஒரு ரிசீவர் இருக்கிறது. பிரவுசரைத் திறந்தால் சிற்றலை முழுவதையும் யார் வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அது நெதர்லாந்தின் வானம். எனக்கு வேண்டியது என் வீட்டு ஒயரில் வந்து விழுகிற வானம். அதை அவனிடம் சொன்னேன். “ஒயர்ல பூஜை ரூம் பல்புதானப்பா விழுது” என்றான்.

அதனால்தான் மின்தடைக்கு இந்தத் தவம். போன மாதம் பராமரிப்பு நாளன்று 9 மணிக்குக் கரண்ட் போனதும் திரையைப் பார்த்தேன். கருநீலம், அதில் அங்கங்கே மெல்லிய கோடுகள். 15 மெகாஹெர்ட்ஸில் ‘டிக், டிக், டிக்’ என்று நொடிக்கொரு தட்டு. பிபிஎம் என்ற சீன நேர நிலையம். அரை மணிக்கொரு தடவை ஒரு பெண் வந்து சீன மொழியில் நிலையத்தின் பெயரைச் சொல்வார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கையில் கரண்டியோடு நின்று முழுசாகக் கேட்டாள்.

“சீனாவுல மணி கரெக்டா ஓடுதுங்களா?”

“ஓடுது.”

“சந்தோஷம். நம்ம ஹால் கடியாரம் நின்னு ஒரு மாசமாச்சு. அதுக்கு ஒரு பேட்டரி வாங்கிட்டு வாங்க.”

சரி என்று 21 மெகாஹெர்ட்ஸுக்குப் போனேன். அங்கே 21.074இல் எஃப்டி8 ஓடும். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வாயால் பேசாமல் கம்ப்யூட்டரால் விசிலடித்துக்கொள்ளும் முறை இது. 15 நொடி ஒருவர், 15 நொடி இன்னொருவர் என்று மாறி மாறி அடிப்பார்கள். காதுக்கே கேட்காத அளவு மெலிந்த சிக்னலைக்கூட மென்பொருள் பிரித்து எழுதிக் காட்டிவிடும். இதை 2017இல் கொண்டுவந்த இருவரில் ஒருவர் ஜோ டெய்லர், பல்சர் ஆராய்ச்சிக்காக 1993இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். திரையில் ஜப்பான், ரஷ்யா, ஆஸ்திரேலியா என்று வரிசையாக விழுந்தது. அடுத்து ஒய்பி என்று தொடங்கும் ஓர் அழைப்புப் பெயர். ஒய்பி என்றால் இந்தோனேசியா. பாதி வந்தது, அப்படியே நின்றது. திரை முழுக்க மஞ்சள்.

எதிர்வீட்டு வாத்தியார் இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டார். நோபல் பரிசு வாங்கியவரின் மூளையை ஒரு பழைய இன்வெர்ட்டர் ஒரே நொடியில் உட்கார வைத்துவிட்டது.

கீழே இறங்கிப் போனேன். வாத்தியார் ரிட்டயர் ஆனவர். ஃபேனுக்குக் கீழே பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு அரை மணி நேரம் இன்வெர்ட்டரை நிறுத்திக்க முடியுங்களா?”

“ஏப்பா, புகை ஏதாச்சும் வருதா?”

“இல்லீங்க சார். இந்தோனேசியாவுல ஒருத்தர் கூப்பிடறார். உங்க இன்வெர்ட்டர் சத்தத்துல கேக்க மாட்டேங்குது.”

பேப்பரை மடித்து வைத்தார். “உனக்குத் தெரிஞ்சவரா?”

“இல்லீங்க.”

“என்ன பேசறார்?”

“பேசலைங்க சார். விசிலடிக்கறார்.”

“விசிலா?”

“அதுக்குள்ள அவர் பேரும் ஊரும் இருக்குதுங்க.”

“பேரும் ஊரும் சொல்லிட்டு அப்புறம் என்ன சொல்லுவார்?”

“சிக்னல் எப்படி இருக்குதுன்னு சொல்லிட்டு வணக்கம் வெச்சிருவாருங்க.”

“நீ பதிலுக்கு என்ன சொல்லுவே?”

“நான் சொல்ல முடியாதுங்க சார். அனுப்பறதுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கோணும். நான் கேக்கறது மட்டுந்தான்.”

வாத்தியார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பது வருசம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் பார்க்கிற பார்வை அது. “யாரோ ஒருத்தன், யாருக்கோ விசிலடிக்கறான். அதை நீ ஒட்டுக் கேக்கறதுக்கு நான் வேர்த்து ஒழுகிட்டு உக்காரணும். அப்படித்தானே?”

சரியாகத்தான் புரிந்துகொண்டார். ஆனாலும் நல்ல மனிதர். நிறுத்திவிட்டு விசிறியோடு மாடிக்கே வந்துவிட்டார். “எங்கப்பா காலத்துல ரேடியோ வெச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்ல வருசா வருசம் லைசென்ஸ் பணம் கட்டணும். இதுக்கு எங்க கட்டறே?” என்று விசாரித்தார். இந்தோனேசியாக்காரர் திரும்ப வந்தார். பெயர், கூடவே எழுத்தும் எண்ணுமாக நாலெழுத்துக் கட்டக் குறியீடு. உலகத்தையே கட்டம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள், நம் சேலம் எம்கே91 என்று சொன்னதும் வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்ப ஓமலூர்?” அதுவும் எம்கே91தான். “ஆத்தூர்?” அதற்குள் கீழே அவர் மனைவி வெயில் தாங்காமல் இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டார். ஆத்தூர் நிலுவையில் நிற்கிறது.

இது சரிப்படாது என்று ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். வீட்டில் சொன்னது டூர் என்று. மலைக்குப் போனால் உயரத்தால் நன்றாகக் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விமானம் அனுப்பும் 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு அது சரி. சிற்றலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் அதற்கு உயரத்தைப் பற்றிக் கவலையில்லை. அதற்கு வேண்டியது பக்கத்தில் சார்ஜர் இல்லாத இடம். 20 கொண்டை ஊசி வளைவிலும் பையன் வாந்தி எடுக்காமல் வந்ததே பெரிய விஷயம். டவுனைத் தாண்டி, காப்பித் தோட்டத்து ஓரத்தில் வாடகைக்கு ஒரு வீடு. மனைவியும் பையனும் அம்மாவும் படகு விடவும் லேடீஸ் சீட் பார்க்கவும் போனார்கள். எனக்குத் தலைவலி. அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அவர்கள் கார் வளைவில் மறைந்ததும் ஒயர் நுனியில் கல்லைக் கட்டி, மிளகுக் கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்துக்கு வீசினேன். வாட்ச்மேன் பெரியவர் வந்து நின்று பார்த்தார்.

“குரங்குக்குங்களா?”

“இல்லீங்க, ரேடியோவுக்கு.”

“ரேடியோன்னா பாட்டு வருமே, சிலோன் வருங்களா?”

வீட்டு மெயினை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தேன். சிக்னலின் பலத்தை எஸ் என்ற படிகளில் அளப்பார்கள். சேலத்தில் எஸ்8 காட்டுகிற இரைச்சல் இங்கே எஸ்2. ஓர் எஸ் படிக்கு 4 மடங்கு என்று கணக்கு. ஆறு படி இறங்கினால் இரைச்சல் 4000 மடங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பெரியவரிடம் சொன்னேன். “அப்ப பாட்டு வரும்” என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

சிலோனைப் பழைய இடங்களில் தேடினேன், சிக்கவில்லை. லண்டன் தமிழோசை கேட்டார். அது 2017லேயே வானொலியை விட்டுவிட்டது. அரபியில் செய்தி வந்தது, ரஷ்ய நேர நிலையத்தின் தட்டு வந்தது, எஃப்டி8 விசில் பத்து நாட்டிலிருந்து வந்தது. என் வாழ்நாளில் கேட்காத சுத்தமான வரவேற்பு. பெரியவர் பீடியை எடுத்து, பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டார்.

“இத்தன ஊரு வருது, ஒரு பாட்டு வல்லீங்களே.”

சாயங்காலம் சுமார் ஐந்தரைக்கு ஒரு தடித்த கோட்டைத் தட்டினேன். டமடமவென்று மேளம், ஜால்ரா, நாகசுரம் போல ஏதோ ஒன்று. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தீங்களா! எந்த ஊரு கோயிலு?”

கோயில் இல்லை. சீனாவில் தங்களுக்குப் பிடிக்காத வெளிநிலையங்களின் அலைவரிசையிலேயே இந்த இசையை இடைவிடாமல் ஒலிபரப்பி அமுக்குவார்கள். ரேடியோக்காரர்கள் இதற்கு ஃபயர்டிரேக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேர டேப், முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பெரியவருக்கு விளக்கிச் சொன்னேன்.

“எதிர்க்கட்சி மீட்டிங் பேசறப்ப பக்கத்துத் தெருவுல ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடற மாதிரிங்களா?”

“அதேதாங்க.”

“மேளம் நல்லாத்தான் இருக்குது. நிறுத்தாதீங்க.” தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்தது. மனைவி இறங்கி, திண்ணையில் பெரியவர் தாளம் போடுவதையும், மரத்தில் ஒயர் தொங்குவதையும், என் தலைவலி போன இடத்தையும் வரிசையாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் மெயினைத் தூக்கி, தன் போன் சார்ஜரைச் செருகினாள்.

‘ர்ர்ர்ர்’.

சீன அரசாங்கம் பெரிய பெரிய டிரான்ஸ்மிட்டர் வைத்துப் பரப்புகிற மேளம், பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய சார்ஜரில் மூழ்கிப் போனது. பெரியவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

“ஏம்மா, அந்த மீட்டிங்காரங்க நீங்கதானுங்களா?”